கிறகரி அத்தானின் சுட்டுவிரல்

மன்னாருக்குப் பக்கத்தில் கீரி என்ற ஊரில் படகு எஞ்சின் திருத்தும் கிறகரி அத்தானுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. எஞ்சினில் உள்ளங்கையை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மோர்ஸ் தந்திக் குறிகளையும் அப்படித்தான் பிடித்தார். பழைய வான் வண்டியிலிருந்து கழற்றி ரேடியோவில் மாட்டிய ஸ்பீக்கரில் சுட்டுவிரலை வைப்பார். சின்ன அதிர்வு புள்ளி, நீண்டது கோடு. முதலில் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து ஓடிவிடும். பிறகு ஒவ்வோர் எழுத்தையும் ஒரே துடிப்பாக உணரப் பழகினார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் தினமும் அனுப்புவதெல்லாம் விரலுக்குள் வந்துவிட்டது. பதில் அனுப்பத்தான் ரேடியோ லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பரீட்சை.

“பூசையில பிரசங்கம் நடக்கேக்க என்ர தோளில தட்டிப் பழகிறார்,” என்றாள் என் அக்கா எடித். “இந்த முறை பாஸ் பண்ணத்தான் வேணும். நீ கூடப் போய், அங்க சொல்லுறதை எழுதிக் காட்டு. நாடு நாடாத் திரிஞ்ச உனக்கு ஒரு இடத்தில ரெண்டு மணித்தியாலம் இருக்க ஏலாதே?”

மன்னாரில் ஒரு பள்ளிக்கூட அறை. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் சனூன் சேர். மூன்று பிழைக்கு மேல் போனால் அடுத்த வருடம்தான். பிளக் அவருடைய மேசையருகே இருந்ததால் ஸ்பீக்கரையும் அதன்மேலேயே வைத்து, அத்தான் எதிரே உட்கார்ந்தார்.

தான் மோர்ஸில் தட்டி அனுப்பியதை அத்தான் எழுதிய தாளைப் பார்த்ததும் சேரின் முகம் சுருங்கியது.

“பன்னிரண்டு பிழை. நான் அனுப்பாததெல்லாம் எழுதியிருக்கிறீங்க.”

எழுதிக் காட்டினேன்.

“அனுப்பினீங்க சேர்,” என்றார் அத்தான், கடலில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில். அவருக்கு வேறு குரல் கிடையாது. “நாலு புள்ளி, மூண்டு புள்ளி, திரும்ப நாலு. கோடு ஒண்டும் வரேல்ல.” மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். “இந்தா, இப்பவும் அனுப்புது.”

சேரும் குனிந்தார். அவருடைய வலது கால் மேசைக்காலில் இடித்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. “இன்னொருதரம் அனுப்புறேன். இதுதான் கடைசி.”

பாதியில் கால் மறுபடி ஆடத் தொடங்கியது. நான் வாய் திறந்தால் பரீட்சை குழம்பிவிடும். அத்தான் விரலை எடுக்கவில்லை, தலையும் நிமிரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் காலை நீட்டி, சேரின் சப்பாத்துக் காலை மிதித்துப் பிடித்தார். சேரின் கை ஒருகணம் தடுமாறி, பிறகு தொடர்ந்தது.

ஒரேயொரு பிழை. அது சேர் தடுமாறிய எழுத்து. அத்தான் அதை அப்படியே எழுதியிருந்தார்.

சேர் தாளில் ‘பரீட்சையில் சித்தி’ என்று போட்டுக் கையெழுத்து வைத்தார்.

“இனிக் காலை எடுங்க.”

அத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான்தான் எழுதிக் காட்டவேண்டியிருந்தது.