மாத்திரை விழுங்கியவள்

அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள்தான் பிழைப்பு. கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, அதை அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதியை அழிக்க ஒரு மாத்திரை விழுங்க வேண்டும் என்றார் டாக்டர். அதில் கதிர்வீச்சு இருக்கும், விழுங்கியவர் உடம்பிலிருந்தும் கொஞ்ச நாள் அது வெளிவரும் என்றார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே ஈயக் குப்பியை நீட்டிய நர்ஸ், மறு நிமிடம் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகும் சில நாள் ஒதுங்கி இருக்கச் சொல்லியிருந்தார்கள். தனித் தட்டு, தனி அறை. மகள் அத்தை வீட்டுக்குப் போனாள். பஸ் ஓட்டும் கணவன் ஹாலில் படுத்தான். முதலில் அவன் வேடிக்கையாகத்தான் பேசினான்.

"கரண்ட் போனா இனிமே கவலையில்ல. நீ நடு வீட்டுல வந்து உக்காந்தாப் போதும்."

அவளும் சிரித்தாள்.

கெடு முடிந்தது. மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கணவன் மட்டும் ஹாலை விட்டு வரவில்லை. கேட்டால் முதுகு வலி என்றான். இன்னொரு நாள், ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

அடுத்த பரிசோதனைக்கு அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த பையன் அவள் கழுத்தருகே கதிர்வீச்சு அளக்கும் மீட்டரைப் பிடித்தான். எப்போதாவது 'டிக்' என்றது. சுவரில் பிடித்தான். அங்கேயும் அதே 'டிக்'.

"எங்கயும் கொஞ்சம் இருக்கும் சார். அக்கா இப்ப நம்மள மாதிரிதான்."

கணவன் பலமாகத் தலையாட்டினான். திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.

"அந்தத் தம்பி சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"விழுந்துச்சு. புத்திக்குத் தெரியுது, உடம்புதான் கேக்க மாட்டேங்குது. கண்ணுக்குத் தெரியுற தூசியா இருந்தா தட்டிவிட்டுட்டு வந்து படுத்துருவேன். தெரியலையே, நான் என்ன பண்ண?"

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடந்தது. "சரி, உங்க உடம்பு எப்பக் கேக்குதோ அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

சீருடை வாங்க வந்த ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ரெண்டு தடவை துவைச்சுட்டுத்தான் போடுவோம். தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

"துவைங்க, துவைங்க. துணிக்கு நல்லதுதான்."

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஹாலிலிருந்து முனகினான்.

"தலை வெடிக்குது, கொஞ்சம் பிடிச்சு விடேன்."

போய் உட்கார்ந்தாள். அவனாகவே அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். விழித்ததும் அவள் பாதி குடித்து வைத்திருந்த வெந்நீரை எடுத்து மடமடவென்று குடித்தான்.

காய்ச்சல் விட்ட பிறகு அவன் ஹாலில் படுக்கவில்லை, அறைக்குள் வந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. சொல்லிக்காட்ட அவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே. கட்டிலில் சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.