மேற்கு ஜன்னல் போர்வை

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தின் மேற்கு ஜன்னலில் ஒரு கருநீலப் போர்வை தொங்குகிறது. ஒரு முனையில் ஆணி இல்லை; அந்தப் பக்கம் சரிந்து, சாயங்கால வெயில் முக்கோணமாய் உள்ளே விழும். போர்வை நூலகத்துச் சொத்து அல்ல. முன்பிருந்த நூலகர் அம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

நாள் கிழமை பிசகாமல் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவர் மாற்றலாகி வந்தது ஆடிக் கடைசி. வீடு கிடைத்தது தை பிறந்து. அதுவரை பள்ளிக்கூடம் போகும் மகளைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். வாசகர் வட்டத்துக்காரன் என்பதால் வீடு பார்க்க நானும் கூடப் போவேன். எங்கள் பக்கம் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. எந்த ஊர் என்பார்கள், பிறகு எந்தத் தெரு என்பார்கள். தெரு தெரிந்தால் போதும். பல வீடுகளில் அந்த இரண்டாம் கேள்வியோடு பேச்சு முடிந்தது. கடைசியாக, அரிசி மண்டி வைத்திருக்கும் எங்கள் வட்டத் தலைவரின் மாடி வீட்டில், அதே கேள்விக்கு அம்மா, "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலங்க" என்றார். சாவி கைக்கு வந்தது. மகளும் வந்துசேர்ந்தாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலகத்திலேயே ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டோம். அமெரிக்காவின் நிறவெறி பற்றியும், அதை எதிர்த்து எழுதிய கறுப்பினச் சிந்தனையாளர்கள் பற்றியுமான படம். இருட்டுக்காக ஷட்டரை இறக்கி, மேற்கு ஜன்னலில் அம்மா கொண்டுவந்த போர்வையை ஆணியடித்து மாட்டினோம். சத்தத்துக்காக மின்விசிறியை நிறுத்தினோம். படம் தொடங்கியதும் போர்வையின் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டது. அவரே போய் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் திரை வெளுத்துவிடும்.

திரையில் ஒரு பெரியவர், வாடகைக்கு வீடு கேட்டுப் போன கதவுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே தமிழ் எழுத்து ஓடியது. முன்வரிசையிலிருந்த தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "என்னா கொடுமைங்க. நம்ம ஊர்ல இப்புடி உண்டா? லைப்ரரியம்மாவுக்கு நான் வீடு விட்டிருக்கேன். என்ன ஆளு, ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? ஏம்மா, நீங்களே சொல்லுங்க."

"வாடகைய மட்டும் தேதி தவறாம கேப்பீக அண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

தலைக்கு மேல் தூக்கிய கையோடு அவர் நின்றார். "ஆமாங்க" என்றால் போதும். வீடும் மகளின் பள்ளிக்கூடமும் மிஞ்சும். போர்வையை விட்டு நகரவும் முடியாது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன ஆளுன்னு கேக்கலைங்க" என்றார். "எந்தத் தெருன்னுதான் கேட்டீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலன்னேன். அது இல்லைங்க. காலனிங்க."

சொல்லிவிட்டுக் கையை இறக்கினார். வெயில் திரையில் விழுந்தது. பெரியவரின் முகம் மறைந்து குரல் மட்டும் கேட்டது. ஷட்டரைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. புழுக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

சித்திரையில், சிங்கப்பூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லித் தலைவர் வீட்டைக் காலி செய்யக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். சாமான் ஏற்றிய அன்று போர்வையை எடுத்துப்போகச் சொன்னேன். "இருக்கட்டும் சார். அடுத்த படத்துக்கு வேணும்ல" என்றார்.

அதன்பின் நாங்கள் படம் எதுவும் போடவில்லை. அவர் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், மறுபடியும் பஸ். சிங்கப்பூர் மகன் இன்னும் வரவில்லை.

நேற்று, புதிதாக வந்திருக்கும் நூலகர் ஓர் ஆணியோடு ஜன்னலருகே நின்றிருந்தார். வீடு பார்த்தாயிற்றா என்று கேட்டேன்.

"இங்கிட்டு ஒரு மாடி வீடு பூட்டியே கெடக்குதாமே சார். கேட்டுப் பாக்கணும்" என்றார், போர்வையின் முனையைத் தூக்கிப் பிடித்தபடி.