கச்சான் காலத்தில் குடை

மகள் போனில் சொன்னது இவ்வளவுதான்.

"அய்யா, வர்ற சனிக்கிழமை எங்க ஆபீஸ்ல ஃபேமிலி டே. எல்லாரும் வீட்டாளுகளக் கூட்டிட்டு வருவாங்க. நீங்க வரணும். பேன்ட் போட்டுக்கங்க. துண்டு வேணாம். மறக்காம குடை எடுத்துக்கங்க. பெங்களூர்ல காலைல குளிரும், மத்தியானம் காயும், சாயங்காலம் கொட்டும்."

சரி ஆத்தா என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

நான் உப்பூர்ப் பக்கம் கடலோரத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதுவரை பேன்ட் போட்டதில்லை. கல்யாணம் காட்சிக்கு வேட்டி, மற்றபடி கைலி. அளத்தில் நிற்கும்போது கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்போம். மதிப்பான ஆள் எதிரில் வந்தால் மடிப்பை இறக்கிவிடுவோம். அவ்வளவுதான், மரியாதை முடிந்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போல நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராதவனுக்கு அது பெரிய வசதி.

துண்டும் அப்படித்தான். வெயிலுக்குத் தலையில், வேர்வைக்கு முகத்தில், உட்கார இடமில்லை என்றால் கீழே. புது ஆளோடு பேச வேண்டி வந்தால் அதன் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பேன். துண்டில்லாமல் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வேன் என்று அவள் யோசிக்கவில்லை.

ஆனால் என்னை அலைக்கழித்தது பேன்டோ துண்டோ இல்லை. அது நாலு வருடத்துக்கு முந்தைய விஷயம்.

அவள் மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது சாதிச் சான்றிதழை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே வேண்டும் என்றாள். நான் அளத்திலிருந்து அப்படியே கிளம்பிவிட்டேன். நீலக்கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு, கணுக்காலில் காய்ந்த உப்பு. காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் ஓரமாக நிற்கச் சொன்னார். நின்றேன். அவள் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அதில் ஒரு பிள்ளை கேட்டது, "யாருடி இது?"

"எங்க ஊர்க்காரவுக" என்றாள் மகள்.

கவரைக் கொடுத்தேன். சாப்பிட்டீகளா என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? பஸ் ஏறி வந்துவிட்டேன். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. மகளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அந்தச் சொல் என்னோடு கூடவே இருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. நான் அவள் ஊர்க்காரன்தானே.

இப்போது அவளே கூப்பிடுகிறாள். அங்கே யாராவது யாரென்று கேட்பார்கள். இந்தத் தடவை என்ன சொல்வாள்?

ஆர்.எஸ். மங்கலத்தில் ஒரு டெய்லரிடம் போனேன். டேப்பை என் இடுப்பில் சுற்றிக்கொண்டு, "அண்ணே, பேன்ட் எங்கன நிக்கணும்? தொப்புளுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

"கைலி கட்டுற இடத்துல" என்றேன்.

"கைலி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு இடத்துல நிக்கும், சாப்பிட்ட பெறகு ஒரு இடத்துல நிக்கும். பேன்ட் அப்பிடி நகராதுண்ணே" என்று சிரித்தார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீங்களே ஒரு இடம் பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். கருநீலத்தில் தைத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தபோது கால்கள் இரண்டும் தனித்தனியாக இருப்பது எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நடந்து பழகினேன். திண்ணென்று நிற்கிறதே தவிர உட்கார விடவில்லை.

"வாத்தியார் மாதிரி இருக்கீக" என்றாள் வீட்டுக்காரி. ஆடு குட்டி போடுகிற நேரம் என்பதால் அவளால் வர முடியவில்லை. "வாயத் தொறக்காம இருந்தீகன்னா அப்பிடியே நம்பிருவாக."

பைக்குள் அவள் குடையை வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தேன்.

இதைச் சொல்ல வேண்டும். எங்கள் அளத்தில் கச்சான் அடிக்கிற மாதங்களில் யாரும் குடையைத் தொடுவதில்லை. கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. எங்கள் பக்கம் அது வறட்டுக் காற்று. புழுதியைக் கிளப்பும், உதட்டை வெடிக்க வைக்கும், ஆனால் மழை தராது. உப்பு விளைவதே அந்தக் காற்றில்தான். அந்த நேரத்தில் ஒருவன் குடையோடு அளத்தில் இறங்கினால் மழையைக் கூப்பிடுகிறான் என்று விரட்டி அடிப்பார்கள். முப்பது வருடப் பழக்கம், கை தானாகவே குடையை விலக்கியது.

"கச்சான் காலத்துல குடையா? பாக்குறவன் சிரிப்பான்" என்றேன்.

"ஒங்க கச்சான் பெங்களூர் வரைக்கும் கூட வருமாக்கும்?"

"காத்துக்கு என்ன டிக்கெட்டா?" என்றேன். பிறகு நினைத்தால் அதில் தப்பில்லை. காற்று வரத்தான் செய்தது.

அவள் விட்டுவிட்டாள். ஆனால் ஒரு பிளாஸ்டிக் கவரில் நீலக்கட்டக் கைலியையும் ஒரு துண்டையும் சுருட்டி அடியில் வைத்தாள். "படுக்கையில கட்டிக்கங்க. மகளுக்குச் சொல்லாதீக."

மகள் ஏசி பஸ்ஸில் சீட் போட்டிருந்தாள். தலைக்கு மேலே ஒரு ஓட்டையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டே இருந்தது. அதை மூடலாம் போலிருக்கிறது, பக்கத்து சீட்டுத் தம்பி தன் தலைக்கு மேலே எதையோ திருகினார். என் தலைக்கு மேலே இருந்ததைத் திருகித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மதுரை தாண்டியதும் கவரிலிருந்து கைலியை எடுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டேன். அதில் வீட்டு வாசனை இருந்தது. ஓசூரில் விடிந்தது. மடித்து மறுபடி கவரில் போட்டேன். இறங்குவதற்குள், பணம் விழாமலிருக்கச் சட்டைப்பையில் குத்தியிருந்த ஊக்கை எட்டுப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

மகள் இருந்தது லேடீஸ் ஹாஸ்டல், ஆம்பளைகளை உள்ளே விட மாட்டார்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாருக்கு அய்யா" என்றாள். பேன்டைச் சொன்னாளா, பயணத்தைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவளுக்கு விழாவில் வேலை இருந்தது. மூன்று மணிக்கு ஆபீஸ் கேட்டுக்கு வந்துவிடுங்கள், நடந்தாலே கால்மணி நேரம்தான், சாயங்காலம் அப்படியே ஊர் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று வழி சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் போனதும் லாட்ஜ் மேனேஜர் நோட்டோடு வந்தார். வயசானவர், நெற்றியில் விபூதி. என்னையறியாமல் என் கை தொடைக்குப் போய் எதையோ தேடியது. இறக்கிவிட அங்கே ஒன்றும் இல்லை. தொடையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். எறும்பு கடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ரூமில் இருக்க முடியவில்லை. வாசலில் நின்று ஜனங்களைப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் உடுத்துவதைப் பார்த்தால் எந்த நேரமும் எங்காவது கிளம்பிப் போகத் தயாராக இருப்பதுபோல் இருந்தது. ஒரு பெண் வெயிலில் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு போனாள். ஒரு தம்பி முதுகுப் பையின் ஒரு பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் மறுபக்கத்தில் குட்டிக் குடையும் செருகியிருந்தார். பைக்காரர்கள் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு வைத்திருந்தார்கள். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

மத்தியானம் நன்றாகக் காய்ந்தது. ரூமைக் காலி செய்து பையோடு இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். காற்று அடித்தது. சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது, அதற்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது காற்று. தென்மேற்கு. எனக்கு அப்படியொரு நிம்மதி. ஊர் பெயர் தெரியாத தெருவில் தெரிந்த ஒருவர் எதிரே வந்ததுபோல் இருந்தது. கச்சான்தான். இனி மழைக்கு வேலையில்லை என்று மெதுவாக நடந்தேன். தெற்கே கருத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தும் ஒதுங்கவில்லை. கச்சானில் கூடுகிற மேகம் எங்கள் ஊரில் வேடிக்கை காட்டிவிட்டுப் போய்விடும்.

அங்கே அதே காற்றுதான் மழையைக் கொண்டு வருகிறது. இது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பத்து எண்ணுவதற்குள் தெருவில் குடைகள் விரிந்தன. பைக்குகள் பாலத்துக்கு அடியில் போய் நின்று கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பின. நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பேன்டில் ஓட முடியவில்லை. நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. மடித்துக் கட்டலாம் என்றால் அது கைலியா? ஆபீஸ் கேட்டை அடைந்தபோது சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புதுத் துணியின் சாயம் இறங்கிப் பாதமெல்லாம் நீலம்.

செக்யூரிட்டி தர்மபுரிக்காரர், தமிழ் பேசினார். "அடப்பாவமே, என்னாங்க இது, குடை எடுத்தாரலியா?"

"கச்சான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"என்னா?"

"ஒண்ணுமில்லங்க."

எனக்கு நடுக்கம் எடுத்தது. அவர் தன் அறைக்குப் பின்னால் கக்கூசைக் காட்டினார். "மாத்திக்கிங்க, காய்ச்ச வந்துரும். வேற துணி இருக்குதா?"

இருந்தது. ஒன்றே ஒன்று.

கவருக்குள் கைலி கொஞ்சமும் நனையாமல் இருந்தது. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரப் பேன்டோடு இப்படியே பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடலாம், வயிற்றுவலி என்று போனில் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பல் கிட்டித்தது. கைலியைக் கட்டிக்கொண்டு, சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, துண்டால் தலையைத் துவட்டித் தோளில் போட்டேன். தரையெல்லாம் ஈரம். மடித்துக் கட்டினேன். வெளியே வந்தால் நாலு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே ஆள். கேட்டு மட்டும்தான் வேறு. இந்த முறையும் ஓரமாகத்தான் நின்றேன், யாரும் சொல்லாமலே.

உள்ளே பலூன் கட்டியிருந்தார்கள். கோட்டு போட்ட அப்பாக்களும் பட்டுச்சேலை கட்டிய அம்மாக்களும் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் கழுத்தில் அட்டை ஆட, ஒரு தம்பியோடும் ஒரு பெண்ணோடும் வேகமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

அப்போது என் கை என்ன செய்தது என்றால், கைலியின் மடிப்பை இறக்கிவிட்டது. பெற்ற மகளுக்கு முன்னால் எவனும் அப்படிச் செய்யமாட்டான். முதலாளி வந்தால் செய்வது. அவளுக்கும் அது தெரியும். அவள் முகம் என்னவோ போலானது.

"யாரு?" என்று கேட்டார் அந்தத் தம்பி. மெட்ராஸ்காரர் போலிருந்தது பேச்சு.

நான் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அய்யா" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. சட்டென்று இரண்டு கையையும் கூப்பி, "வணக்கங்கய்யா! ஊர்ல தலைவரா இருக்கீங்களா?" என்றார். அய்யா என்றால் அவர் ஊரில் பெரிய மனிதரைக் கூப்பிடுவது போலிருக்கிறது. எங்கள் பக்கம் அப்பனைத்தான் அப்படிச் சொல்வோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்ய? அப்படியே விட்டாலும் எனக்கு நஷ்டமில்லை, ஊர்க்காரன் இப்போது ஊர்த்தலைவன் ஆகிவிட்டான் என்று நினைத்தேன்.

மகள் விடவில்லை. பக்கத்தில் வந்து என் ஈரச் சட்டைக் கையைப் பிடித்தாள். "தலைவருமில்ல ஒண்ணுமில்ல. எங்க அப்பா. என்னப் பெத்த அப்பா. உப்பளத்துல வேல செய்றாங்க" என்றாள். கேட்டுக்கு வெளியே கேட்கிற சத்தம். செக்யூரிட்டிகூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா என்று அவள் என்னைச் சொன்னது அதுவே முதல் தடவை. யாரையோ சொல்வதுபோல் இருந்தது.

பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்குப் போயி எறக்கி விடுறீக? மடிச்சுக் கட்டுங்க அய்யா, தரையெல்லாம் தண்ணி" என்றாள்.

தன்னுடைய ஸ்வெட்டரைக் கழற்றி என் மேல் போட்டாள். ரோஜாப்பூ நிறம், கை முழங்கையோடு நின்றுவிட்டது. ரோஸ் ஸ்வெட்டர், நீலக்கட்டக் கைலி, தோளில் துண்டு. அப்படியே உள்ளே போனேன். கேக் கொடுத்தார்கள். நிறைய பேர் பார்த்தார்கள். நான் ஒரு நிமிடம்கூட நிம்மதியாக உட்காரவில்லை என்பது உண்மை. ஆனால் கிளம்பிப் போய்விடலாம் என்று நினைக்கவுமில்லை.

சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் மழை விட்டிருந்தது. என் ஈரப் பேன்டை அவள் நன்றாகப் பிழிந்து, மடித்து, அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டாள். கவரின் வாயை முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அய்யா, அன்னைக்கு மதுரைக்கு வந்தப்பயும் இதே கைலிதான?"

ஆக அவளும் மறக்கவில்லை.

"இல்ல ஆத்தா. அது கிழிஞ்சு போச்சு. அடுப்படியில கரித்துணியா கெடக்கு. இது வேற."

"அதே கட்டம்."

"அதே கட்டந்தான். வாங்குற கடை ஒண்ணுதான" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தாள், துடைக்க என் துண்டைத்தான் இழுத்தாள். பஸ் வந்துவிட்டது. கையில் குட்டிக் குடை ஒன்றைத் திணித்தாள்.

"கச்சான் காலம்" என்றேன்.

"பிடிங்க அய்யா" என்றாள். வாங்கிக்கொண்டேன்.