நீங்க மட்டும் வாங்க, மச்சாள்

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் என் மச்சாள் வீட்டுக்கு வந்தாள். என் கணவரின் ஒரே தங்கை அவள். கல்யாணம் அவளுடைய இளைய மகளுக்கு. ஆலங்குடாவிலிருந்து மாம்புரிக்கு ஓட்டோவில் வந்தவள் ஓட்டோவைத் திருப்பி அனுப்பவில்லை, ஒழுங்கையிலேயே நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நான் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன்.

“அண்ணன் இல்லையா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“கரையில நிக்கிறார். ஆக்களோட கிழிஞ்ச வலை பொத்துறார்.”

அதைக் கேட்ட பிறகுதான் கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணி போடத் திரும்பினேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தாள்.

கல்யாணம் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குக் கல்யாணக் காட் வந்து மாதமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது, “நீங்க எப்ப போறீங்க, முதல் நாளே போயிடுவீங்கதானே?” என்று கேட்பார்கள். பெண்ணின் தாய்மாமன் வீடல்லவா எங்களுடையது. நான் சிரித்துக்கொண்டு, “பார்ப்பம்” என்பேன். அதன் பிறகு பூசை முடிய முன்பே எழும்பி வரத் தொடங்கினேன்.

எங்களை அழைக்காததற்குக் காரணம் இருந்தது. மூத்த மகளின் கல்யாணத்தில் என் கணவர் குடித்திருந்தார். மாமன் என்ற முறையில் நாலு வார்த்தை பேசப்போகிறேன் என்று பாட்டுக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினார். பேச வரவில்லை, அழுதார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னார். ஆட்கள் இழுக்கப் போக, பெரிய ஸ்பீக்கரோடு சேர்ந்து விழுந்தார். அந்தக் கல்யாண வீடியோவில் கேக் வெட்டியவுடன் எல்லாரும் நேரே வீட்டுக்குப் போவதுபோல இருக்கும். இடையில் உள்ளதெல்லாம் வெட்டப்பட்டுவிட்டது.

“மச்சாள்,” என்றாள் அவள். “நாளைக்கு நீங்க வரோணும். மாமி வராட்டி கோயிலுக்கு வெளிக்கிட மாட்டன் எண்டு சின்னவள் அழுறாள்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மச்சாள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில் சின்னவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். நான் தலை இழுத்துப் பின்னிவிடுவேன். அவர் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்.

“நாங்க வராம இருப்பமா?” என்றேன்.

மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். “நீங்க மட்டும் வாங்க, மச்சாள்.”

வெளியே ஓட்டோக்காரன் ஒருமுறை ஹோர்ன் அடித்தான்.

“அண்ணன் வந்தா தங்கட பக்கத்தில ஒருத்தரும் வர மாட்டாங்க எண்டு மூத்த மருமகன் சொல்லிப்போட்டார். நான் என்ன செய்ய? கல்யாணம் முடிஞ்சாலும் நான் அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கோணும். என்ர மகள் அங்க வாழுறாள்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “இப்பவும் குடிக்கிறாரா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து குடிக்கவில்லை. பாஸ்கா போய், மாதாவின் திருநாள் போய், சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது. ஒரு சொட்டு தொடவில்லை. அதை நான் சொல்லியிருக்கலாம். “அவர் விட்டுட்டார், நான் பொறுப்பு, ரெண்டு பேரும் வாறம்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் விட்டதாக இதற்கு முன்பும் நான் இரண்டு தடவை ஊரெல்லாம் சொல்லித் திரிந்து முகத்தில் கரி பூசிக்கொண்டவள். வாயைத் திறந்தேன். வந்தது, “தெரியாதா உங்களுக்கு” என்ற சொல்தான். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

பின்னேரம் அவர் வந்து, கை கால் கழுவி, சோறு தின்று முடித்தார். சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னேன். தங்கை வந்தாள், நாளைக்கு என்னை வரச் சொன்னாள். ‘என்னை’ என்ற இடத்தில் குரல் இறங்கிப்போனது. அவர் மீசையைத் தடவினார்.

அப்போதுதான் கவனித்தேன், மீசைக்குச் சாயம் பூசியிருந்தார். தலைமயிரும் வெட்டியிருந்தது. அந்தக் கிழமையில் எப்போதோ செய்திருக்கிறார், ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை. அழைப்பு வரும் என்று அவரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“நான் போகல்ல,” என்றேன். “உங்கள விட்டுட்டு எனக்கு என்ன கல்யாணம்?”

“போ,” என்றார். “பிள்ள கேட்டிருக்கு. நீயும் போகாட்டி அதுவும் என்னாலதான் எண்டு கதைப்பாங்க.”

“மாட்டன்.”

“போ எண்டுறன்.”

நான் இன்னும் ஒருமுறை மாட்டேன் என்றேன். அவர் மூன்றாம் முறை போ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அந்த உண்மையை எழுதாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்குப் போக ஆசையாக இருந்தது. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து எந்த வீட்டு விசேஷத்திலும் நான் நிம்மதியாக ஒரு பிடி சோறு தின்றதில்லை. ஒரு கண் சோற்றுக் கோப்பையில், ஒரு கண் அவர் எந்தப் பக்கம் போகிறார், யாரோடு பின்னால் ஒதுங்குகிறார் என்பதில். ஒரே ஒரு முறை, யாரையும் காவல் பார்க்காமல் ஒரு கல்யாணத்தில் இருந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடு அலுமாரியைத் திறந்து சேலை எடுத்தேன். அவர் வாசலில் இருந்து பார்த்துவிட்டு, “நீலம் நல்லா இருக்கும்” என்றார்.

மறுநாள் நான் பஸ்ஸில் தனியாகப் போனேன். கோயில் முற்றத்தில் நல்ல காற்று. தென்னைகள் வளைந்து அடித்தன, பெண்கள் சேலையை ஒரு கையாலும் கொண்டையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மச்சாளின் புருஷனுடைய அக்கா என்னைக் கண்டு கிட்ட வந்தாள்.

“எங்க, மாமன்காரனக் காணல்ல?”

வரும் வழியெல்லாம் இதற்குப் பதில் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது சேலையைப் பற்றி.

“அவர் கடலுக்குப் போயிட்டார்,” என்றேன்.

பக்கத்தில் ஐந்தாறு ஆண்கள் நின்றார்கள், எல்லாரும் தொழிலுக்குப் போகிறவர்கள். சோளகம் இப்படி அடிக்கும்போது எங்கள் கரையில் ஒரு போட்டும் கடலில் இறங்காது. இறங்கியிருந்தால் அவர்கள் ஏன் அங்கே வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார்கள்? முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார் என்றாவது சொல்லியிருக்கலாம். இந்தக் காலத்தில் கடல் அமைதியான அந்தப் பக்கத்துக்கு எத்தனையோ பேர் போகிறார்கள். எனக்கு அது வரவில்லை. ஆண்கள் அண்ணாந்து தென்னைகளைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் என்னைப் பார்க்காமல், “ஓம் ஓம், போயிருப்பார்” என்றார். அவர் என்னைப் பரிகசித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரக்கப்பட்டார்.

விருந்து ஹோலில் நான் பின்வரிசையில் இருந்தேன். சோறு வந்தது, இறைச்சி வந்தது. நிம்மதியாகத் தின்ன வந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். போட்டோ எடுக்க வரச் சொல்லி ஒரு பெண் வந்து கூப்பிட்டாள். மேடையில் ஏறியதும் சின்னவள் என்னைக் கட்டிப் பிடித்தாள். அவள் பவுடர் என் கன்னத்தில் ஒட்டியது.

“மாமாவுக்கு அப்பிடி என்ன கோவம், மாமி?” என்று காதுக்குள் கேட்டாள். “அம்மா நேர போய்க் கூப்பிட்டும் வர மாட்டன் எண்டாராமே.”

எனக்குப் பின்னால் மச்சாள் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்த மேடையிலேயே ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் எதையோ உடைத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் அந்த மனிதன் தான் வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு வீம்புக்கு வராதவன் ஆவான். போட்டோக்காரன், “இஞ்ச பாருங்க” என்றான். நான் பார்த்தேன். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கல்யாணத்தில் நடந்த எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தங்கை தன் மகளிடம் சொன்ன கதையை மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவர் அதைக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ள எப்பிடி, நல்ல பெடியனா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வந்தார்கள். சின்னவள் முதல் நாள் போன் பண்ணி, தானாகவே வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர் காலையிலேயே களப்புக் கரைக்குப் போய் நல்ல இறால் பார்த்து வாங்கி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் கதிரையில் இருந்தார். மாப்பிள்ளை சிலாபத்துப் பிள்ளை, தமிழும் சிங்களமும் கலந்து மரியாதையாகக் கதைத்தான்.

நான் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது சின்னவள் கேட்டேவிட்டாள்.

“ஏன் மாமா வரல்ல? எனக்கு இருக்கிறது ஒரு மாமாதானே.”

நான் கறிச் சட்டியோடு நின்றேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

“குடிச்சிட்டன், மகள்,” என்றார். “முதல் நாள் பின்னேரமே கொஞ்சம் கூடிப்போச்சு. அடுத்த நாள் எழும்ப ஏலாமப் போச்சு. அம்மா கூப்பிட்டதெல்லாம் உண்மை.”

அவள் உடனே நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. “எனக்குத் தெரியும், மாமா,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். கோபம் தீர்ந்துபோய் அவர் கோப்பையில் ஒரு இறாலை எடுத்து வைத்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தின்றான். அவன் அவரை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “ஏன் அப்பிடிச் சொன்னீங்க? இத்தன மாசமா தொடாத மனுசன்.”

“வேற என்னத்தச் சொல்ல? இதெண்டா ஒருத்தரும் புதுசா வருத்தப்படத் தேவையில்ல.” சட்டையைக் கழற்றி மடித்தார். “நீயும் அண்டைக்குச் சொல்லல்லதானே.”

கோபமாகச் சொல்லவில்லை. மச்சாள் வந்துபோன கதையைச் சொன்னபோது, இப்பவும் குடிக்கிறாரா என்று அவள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியை நான் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்தேன். அவர் எப்படி அறிந்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை தங்கையைப் பற்றியும் என்னைப் பற்றியும் அவருக்குத் தெரிந்தது போதுமாக இருந்திருக்கும்.

இன்றைக்கு வரைக்கும் அவர் குடிக்கவில்லை. இப்போது யார் கேட்டாலும் நானே முந்திக்கொண்டு சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். மச்சாள் போன் பண்ணினால் அண்ணனின் சுகத்தை விசாரிக்கிறாள். அவரிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள்.