தலையாட்டியதில் செத்தவள்

புத்தகக் கடை வேலை என்றால் புத்தகம் விற்கிற வேலை என்று நினைக்காதேங்கோ. வருகிறவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கிற வேலை அது. கடைகளில் நின்று கால் வீங்கின ஆக்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணம் கட்டி ஜெர்மனியின் கொலோனுக்கு வந்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். சித்திரக்கதைகள் மட்டும் விற்கிற ஒரு கடையில் பார்சல் உடைத்து அடுக்க ஆள் தேவை என்று சங்கவிதான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். அவள் இங்கே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் அங்கே வேலை செய்கிறாள். முதல் ஆறு மாதம் புரோபேட்சைட், சோதித்துப் பார்க்கிற காலம். பிடிக்காவிட்டால் அதற்குள் போகச் சொல்லிவிடலாம். வேலை போனால் மகளின் முழுநாள் கிண்டர்கார்ட்டன் இடமும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு பெட்டியையும் வெட்டித் திறந்தேன்.

வாய் திறக்காமல் கதைத்தது

கடையில் ஒரு பழைய தொடர் இருக்கிறது. அமெரிக்காவில் மெக்சிக்கோக் குடும்பங்களில் பிறந்த இரண்டு சிநேகிதிகளின் கதை. ஒருத்தி கட்டைமுடி, மற்றவள் நீளமுடி. பறக்கிற வீரர் ஒருத்தரும் இல்லை. இரண்டு பேரும் பாட்டுக் கேட்கப் போவார்கள், கோபித்துக்கொள்வார்கள், வாடகை வீடு தேடுவார்கள். கனகாலமாக வருகிறது, வாசிக்கிறவர்களோடு சேர்ந்து அவர்களுக்கும் வயது போகிறது.

நரைத்த முடியைக் கட்டியிருந்த ஒருவர் நான் அடுக்கிக்கொண்டிருந்த அலுமாரிக்குக் கிட்ட வந்து நின்று அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என் கை நிறையப் புத்தகம், ஓடவும் ஏலாது. "ஆரம்பத்தில வந்ததுதான் திறம். இப்ப ரெண்டு பேருக்கும் வயசு போயிட்டுது, கதையிலயும் உப்பில்லை" என்றார், மூக்கில் சரிந்த வாசிப்புக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. (ஆறுதலாக ஜெர்மனில் சொன்னதில் எனக்கு விளங்கினதை எங்கட பாஷையில் எழுதுகிறேன்.) நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிடுவாரோ என்று புத்தகங்களை முகம் வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. போகும்போது கை தந்தார்: "உங்களோட கதைச்சது சந்தோஷம். இவ்வளவு விளக்கமா ஆரும் என்னோட கதைக்கிறேல்லை."

கழுத்து செய்த வேலை

அடுத்தது ட்ராம் ஓட்டுகிறவர். சீருடையோடு வந்து வேகமாக, நீளமாக ஒரு கேள்வி கேட்டார். "புதுப் புத்தகம்" என்பது மட்டும் காதில் விழுந்தது. வருமா என்று கேட்கிறார் என்று நினைத்து, ஓம் என்பதற்கு நாங்கள் எல்லாரும் செய்வது போலத் தலையை ஒரு பக்கம் சரித்தேன். பயத்தில் கண் வேறு கலங்கியிருந்தது. அந்த மனுசனின் முகம் வாடிவிட்டது. கையில் இருந்த அந்தத் தொடரின் பழைய புத்தகத்தைத் திரும்ப வைத்தார். "ஷ்டிர்ப்ட்" என்று தனக்குள் ஒருதரம் சொன்னார்.

அந்தச் சொல்லை மறக்காமல், சனிக்கிழமை சங்கவியிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவள் பெட்டியின் மேல் குந்திவிட்டாள். "அக்கா, அதுக்குச் சாகிறாள் எண்டு கருத்து. புதுப் புத்தகத்தில கட்டைமுடிக்காரி சாகிறாளோ எண்டுதான் வாறவையெல்லாம் கேட்கினம், அவரும் அதைத்தான் கேட்டிருக்கிறார். நீங்க தலையைச் சரிச்சு, கண்ணையும் கலக்கி, அவளைச் சாக்காட்டிப் போட்டியள்."

செத்த வீடு

பிறகு கடை செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. ட்ராம்காரர் யாரிடம் சொன்னாரோ, ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் புதுப் புத்தகத்துக்குச் செய்த முற்பதிவை ரத்துச் செய்துவிட்டார்கள். துருக்கிக் குடும்பத்தில் பிறந்த ஒரு தாதி சொன்னாள், அந்தப் பெண்கள் வீட்டில் ஒரு பாஷையும் தெருவில் ஒரு பாஷையும் கதைக்கிறதைப் பார்த்துத்தான் தான் வாசிக்கத் தொடங்கினதாம். பள்ளிக்கூடச் சிநேகிதியோடு ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டு வாசித்தாளாம். இப்போது அந்தச் சிநேகிதியோடு பேச்சில்லை. "கட்டைமுடிக்காரி செத்தா இதைச் சொல்லி அழ எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கு, அவளுக்கு எப்பிடி நான் போன் எடுக்கிறது?" என்றாள். எனக்குக் கழுத்தை அசைக்கவே பயம்.

முதலாளி உர்சுலா முற்பதிவுகள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, வெட்டின பெட்டியை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "ஆரோ பொய் பரப்புகினம். ஆளைக் கண்டுபிடிச்சனெண்டா இந்தக் கடைக்குள்ள கால் வைக்க விடன்." சங்கவியையும் வாய் திறக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

பெட்டி திறந்தது

புதுப் புத்தகம் வந்த அன்று என் ஆறு மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. நான்தான் பெட்டியைத் திறந்தேன். எழுத்தை விட்டுப் படத்தை மட்டும் பார்த்துப் புரட்டினேன். நடுவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டைமுடிக்காரி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பிள்ளையாரே, இவளைக் காப்பாற்று என்று கும்பிட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். இரண்டு பேரும் ஒரு பஸ் தரிப்பிடத்தில் இருந்து, ஒரே பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ட்ராம்காரர் உள்ளே வந்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. "அவள் உயிரோட இருக்கிறாள்" என்று ஜெர்மனில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். மனுசன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். "முதல் சாவாள் எண்டு சொன்னதும் நீங்கள். இப்ப வாசிக்க முதல் முடிவைச் சொல்லுறதும் நீங்களே?"

திரும்பிப் பார்த்தால் உர்சுலா. பொய் பரப்பின ஆள் யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது. என் கண்ணுக்குள் மகளின் கிண்டர்கார்ட்டன் கதவு பூட்டிக்கொண்டது. பிடிபட்டால் சொல்ல என்று சங்கவி சொல்லித் தந்திருந்த ஜெர்மனில் தொடங்கினேன்: "எங்கட ஊரில தலையை இப்பிடிச் சரிச்சா, ஓம் எண்டு கருத்து. புத்தகம் வருமோ எண்டு கேட்கிறார் எண்டு நினைச்சிட்டன்." சரித்தும் காட்டினேன். உர்சுலா என் கழுத்தை உற்றுப் பார்த்தாள். தானும் ஒருதரம் சரித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆறு மாசமா உமக்குக் கதைக்கத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். திங்கக்கிழமையிலயிருந்து கல்லாவில நில்லும், அங்க கதைக்காமல் தப்ப ஏலாது."

இப்போது வேலை நிரந்தரம், மகளின் இடமும் நிரந்தரம், ஆனால் யார் வந்து என்ன கேட்டாலும் கழுத்தை நட்ட கம்பம் மாதிரி வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன், அதில் யாருடைய உயிர் தொங்குகிறதோ எனக்கென்ன தெரியும்.