காய்ச்சல் இல்லை என்று பதிந்த தெரு

தொண்டாமுத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் சுகாதாரச் செவிலியராக வந்த புதிதில், வீடுவீடாகக் கேட்ட காய்ச்சல் கணக்கைத் தாளில் எழுதி வாரம் ஒருமுறை அனுப்புவோம். அது மேலே போய்ச் சேர்ந்து ஆட்கள் வருவதற்குள் நோய் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். பிறகு கைப்பேசி வந்தது. அன்றன்றைக்குப் பதிந்தால் மறுநாளே கொசுமருந்து அடிக்க வந்துவிடுவார்கள். இனி எதுவும் தப்பாது என்று நம்பினேன்.

ஒரு ஐப்பசியில், தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, இதை மட்டும் பதிஞ்சுபோடாதீங்க. நாளைக்குப் பொண்ணு பார்க்க வாராங்க. புகையடிக்க ஆளுக வந்து நின்னா, அவங்க அப்படியே திரும்பிப் போயிருவாங்க."

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்தத் தெருவில் காய்ச்சல் இல்லை என்று பதிந்தேன். அடுத்த வீட்டில் கேட்டபோதும் அப்படியே சொன்னேன்.

பத்து நாள் கழித்து, அடுத்த வீட்டின் ஆறு வயதுப் பெண் குழந்தை டெங்குவில் இறந்தது. துக்கம் கேட்கப் போனேன்.

"பக்கத்துல யாருக்கும் காய்ச்சல் இல்லைன்னுதானே சொன்னீங்க?" என்று குழந்தையின் தாய் கேட்டார்.

"இருந்துச்சுங்க. நான்தான் பதியலைங்க," என்றேன்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருத்துவ அலுவலரிடமும் சொன்னேன். அன்றே தெரு முழுக்க மருந்து அடித்தார்கள்.

தோப்புக்காரர் மகளுக்குத் தையில் கல்யாணம் ஆயிற்று. நான் இன்னமும் அந்தத் தெருவுக்குப் போய்க் காய்ச்சல் உண்டா என்று கேட்கிறேன். குழந்தையை இழந்த வீட்டில் மட்டும் யாரும் எனக்குப் பதில் சொல்வதில்லை.