அண்ணனும் சைகோன் சடுகுடு சங்கமும்

"உனக்கு எழுத வரும், சரி. எதை எழுதக் கூடாதுன்னு தெரியுமா?" என்று மாமா கேட்டார். அண்ணனின் முதலாண்டு நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. "காய்ச்சல்ல போயிட்டான்னு எழுதிடு. சடுகுடு, அந்தத் துணிக்கடைக்காரன், ஒண்ணும் வேணாம். உங்கம்மா தாங்காது."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்த் தேறிய முதல் ஆள் நான். படிக்க வைத்தவர் அண்ணன். அவரைப் பற்றி நான் எழுதும் முதல் கட்டுரையில் பொய் இருக்காது.

அண்ணன் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் இந்தச் சைகோனுக்கு வந்து நான்கு மாடுகள் வாங்கிப் பால் வியாபாரம் தொடங்கிய பிறகு, அம்மாவுடன் கப்பலேறி வந்தார். நான் இங்கே பிறந்தவள். அப்பா பேதியில் போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்த மறுநாளே குடத்தை எடுத்துக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்குப் பால் ஊற்றப் போனாராம். "குழந்தைங்க இருக்கிற வூடும்மா, காத்துக்கினு இருக்கும்" என்றதாக அம்மா சொல்வார்கள்.

கோபமும் உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஒரு பங்களாச் சமையல்காரர் சொன்னதற்கு, குடம் முழுவதையும் அந்த வாசலிலேயே கவிழ்த்துவிட்டு வந்தார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா அதைச் சொல்லிக்காட்டியபோதும் அவர் வருந்தவில்லை.

இங்கே புதுச்சேரிக்காரர்கள் ஒரு பக்கம், காரைக்கால் துணிக்கடைக்காரர்கள் ஒரு பக்கம், செட்டிநாட்டுக் கடைக் கணக்கர்கள் ஒரு பக்கம். அண்ணன் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தைச் சமப்படுத்தி, நடுவே ஒரு கோடு கிழித்து, சடுகுடு சங்கத்தைத் தொடங்கினார். வாரம் முழுவதும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் ஒருவர் காலை ஒருவர் பிடித்து மண்ணில் புரண்டார்கள்.

நகராட்சியில் அனுமதி கேட்கப் போனபோது, பிரெஞ்சில் பேச என்னைக் கூட்டிப் போனார்.

"பந்து எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"பந்து கிடையாது முசியே. மூச்சுதான்" என்றார் அண்ணன். அதை நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"அப்படியானால் செலவில்லாத விளையாட்டு" என்று சிரித்து, அதிகாரி கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன்.

மூச்சு விடாமல் 'சடுகுடு' சொல்லிக்கொண்டே எதிரணிப் பக்கம் பாடிப் போவதில் அண்ணனுக்கு ஒரு தந்திரம் இருந்தது. எதிரணியினர் அவரைப் பிடித்து அமுக்கியதும், 'சடுகுடு' சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நூல் போல மெலிய விடுவார். மூச்சு விட்டுவிட்டார் என்று எண்ணிப் பிடித்தவர்கள் கையைத் தளர்த்துவார்கள். அந்த நொடியில் துள்ளிக் கோட்டைத் தொட்டுவிடுவார். எத்தனை முறை ஏமாந்தாலும் மறுமுறையும் ஏமாந்தார்கள்.

ஏமாறக் கூடாது என்று உறுதியாக இருந்தவர் யூசுப் அண்ணன். காரைக்கால்காரர், துணிக்கடையில் வேலை, எதிரணியின் தலைவர்.

"யூசுப்பு, உன் பிடி துணி மடிக்கிற பிடிடா. பட்டுக்கு ஆவும், எனக்கு ஆவாது."

"நாளைக்குப் பால் கறக்க உங்களுக்குக் கை இருக்குதான்னு பாப்பமா, அண்ணே?"

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் இருவரும் மோர் குடிப்பார்கள். அம்மா யூசுப் அண்ணனுக்கு முதலில் ஊற்றுவார்கள்.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. அண்ணன் பாடிப் போனார். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் யூசுப் அண்ணன் அவர் இடுப்பைப் பிடித்துவிட்டார். சத்தம் இறங்கியது. "விடாத, நடிக்கிறான்!" என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். மாமா கைதட்டினார். சத்தம் நின்றது. அப்போதும் யூசுப் அண்ணன் கையை எடுக்கவில்லை. ஆட்டத்தை அறிந்த யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பிறகு புரட்டிப் பார்த்தார்கள்.

முந்தைய மழைக்காலத்துக் காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அன்று பிடித்திருக்காவிட்டாலும் என்றைக்காவது படியேறும்போதே இது நடந்திருக்கலாம் என்றார். அம்மா அதைக் கேட்கவே மறுத்துவிட்டார்கள். "எம்புள்ளய நெரிச்சிட்டான்" என்று பாடையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தெருமுனையில் நின்ற யூசுப் அண்ணனைப் பாடைக்குத் தோள் கொடுக்க யாரும் விடவில்லை.

அதன் பிறகு சங்கம் கூடவில்லை. மாடுகளை விற்றுவிட்டோம். கோடு கிழித்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. பால்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் மாரியம்மன் கோயில் தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். காலம் ஆற்றும் என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஓர் ஆண்டு ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் எதுவும் ஆறவில்லை. நான் பெற்ற கல்வி அம்மாவை ஒரு வேளை சோறு உண்ண வைக்கக்கூட உதவவில்லை.

எழுதியதை மாமாவிடம் கொடுத்தேன். தாம் கைதட்டியதாக நான் எழுதியிருந்த வரியை மறுபடியும் படித்தார். அந்த வரியை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். "தட்டினேன்தான்" என்றார். தாளை மடித்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார்.

கட்டுரையின் கடைசிப் பத்தி இது: அன்று ஓடிவந்த மருத்துவருக்கும், பதினாறு நாளும் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டில் இருக்கும் இந்நாட்டு அன்னமியப் பெண்களுக்கும், கோயில் அன்பர்களுக்கும், கடைசி வரை அண்ணனுடன் ஆடியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

யூசுப் அண்ணனுக்கு இந்த வரிசையில் நன்றி சொன்னால் போதாது. நேற்று துணிக்கடைக்குப் போனேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, நான் காது கொடுத்துக்கிட்டேதான் இருந்தேன். சத்தம் எப்பவும் இறங்குற மாதிரியேதான் இறங்குச்சு."

"தெரியும்ண்ணே. நெனவு நாளுக்கு வூட்டுக்கு வாங்க."

"உங்கம்மா?"

"நான் பேசிக்கிறேண்ணே" என்றேன். அவர் வருவதாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நினைவு நாள் பந்தியில் யூசுப் அண்ணனுக்கும் ஓர் இலை போடும்படி, அதுவும் முதல் இலையாகப் போடும்படி, சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.